புழுத் துளை இல்லாத பத்திரிகை

பஸ் சாரதிகள் பயணிகளைத் தரிப்பிடத்தில் இறக்கிவிடுவார்கள். அதற்கு மேல் அவர்களுக்குக் கடமை இல்லை. தேவராசா அப்படிப்பட்ட சாரதி அல்ல. அன்று காலை ஷிப்ட் முடிந்ததும், லண்டனின் மிச்சம் பகுதியில் தன் பஸ்ஸில் ஏறிய கிழவர் ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெதத்தில் இருந்த தன் அண்ணியின் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, இவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை. இவற்ற வீட்டில களவு போயிருக்கு. ஆனால் களவு போன சாமான் வீட்டிலதான் கிடக்குது எண்டு வீட்டுக்காரர் சொல்லுகினமாம்" என்றான். ஐம்பத்திரண்டு வயது மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது.

அண்ணி வத்சலா சந்தோஷப்படவும் இல்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. இருபத்தாறு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரித்தவர் அவர். எரியாத சோபா எரிந்ததாகவும், வாங்காத சங்கிலி தொலைந்ததாகவும் சத்தியம் செய்தவர்கள் எத்தனையோ பேரைக் கண்டாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு, பொலிசுக்குப் போக விரும்பாத தமிழ்ச் சனம் அவரைத் தேடி வரத் தொடங்கியது. கணவர் இறந்த பின் கணவரின் தம்பி தேவராசா தானாகவே உதவியாளர் ஆகிவிட்டான். எள் என்றால் எண்ணெயாய் நிற்பான். எள்ளே வேண்டாம் என்றாலும் எண்ணெயோடு நிற்பான்.

"இருங்கோ அண்ணை. என்ன களவு போனது?"

வந்தவருக்கு எழுபத்து நாலு வயது. கழுத்துப்பட்டி கட்டி, மடித்த வெள்ளைத் தடியை மடியில் வைத்திருந்தார். கண்ணின் நடுப் பார்வை போய்விட்டது, ஓரம் மட்டும் தெரியும் என்றார். "உங்கட முகம் எனக்குத் தெரியேல்லை தங்கச்சி. முகத்தைச் சுத்தியிருக்கிற சுவர்தான் தெரியுது. நான் பழைய பேப்பர் சேர்க்கிறனான். அமெரிக்காக்காரர் பிரிஞ்சு போக நிண்ட காலத்து லண்டன் பேப்பர். நகல் இல்லை, அண்டைக்கு அச்சடிச்ச அசல். முப்பது வருஷமாய்ச் சேர்த்து, நூற்றுப் பதினொண்டு இருக்கு."

"இருநூற்றைம்பது வருஷத்துப் பேப்பரோ?" தேவராசா வாயைப் பிளந்தான். "அதில என்ன அண்ணை இருக்கு வாசிக்க?"

"முடிவு தெரியாத ஆக்கள் எழுதினது, தம்பி. அதுதான் இருக்கு. அங்க சண்டை நடந்து ஆறு கிழமைக்குப் பிறகுதான் கப்பலில செய்தி இஞ்ச வரும். 1776 ஓகஸ்ட் பேப்பர் ஒண்டு வச்சிருந்தனான். அமெரிக்காக்காரர் சுதந்திரம் எண்டு பிரகடனம் செய்தது மூண்டாம் பக்கத்தில கிடக்கு. அதுக்குக் கீழ, காணாமல் போன குதிரையைக் கண்டுபிடிச்சுத் தரச் சொல்லி விளம்பரம். அச்சடிச்சவனுக்கு எது பெரிய செய்தி எண்டு தெரியாது. சரித்திரப் புத்தகத்தில இந்தச் சுகம் வராது."

அந்தப் பத்திரிகைதான் பிரச்சினை. பார்வை போன பிறகும் தினமும் காலையில் அதை எடுத்து விரலால் தடவிப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஈய எழுத்து அழுத்திய பள்ளம் விரலுக்குத் தெரியும். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஊசி முனை அளவில் ஒரு புழுத் துளை. அந்தத் துளையில் விரல் பட்டால் அன்றைய நாள் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று கிழமைக்கு முன் ஒரு காலையில் துளையைக் காணவில்லை. எழுத்தின் பள்ளமும் இல்லை. கடதாசி வழவழவென்று இருந்தது.

"மனிசியிட்டக் கேட்டன். உதுதானே உங்கட பேப்பர் எண்டா. மகளிட்டக் கேட்டன். அதேதான் அப்பா எண்டாள். செபஸ்தியாம்பிள்ளை எண்டு சட்டன் பக்கத்தில ஒரு சிநேகிதர், அவரும் பேப்பர் சேர்க்கிறவர். வியாழக்கிழமையில வந்து எனக்கு வாசிச்சுக் காட்டுவார். அவரும் இப்ப வாறேல்லை. கோயில் வேலையாம்." மடியில் இருந்த தடியை ஒருமுறை தடவினார். "எனக்கு மூளை பிசகிப்போச்சு எண்டு நினைக்கினம், தங்கச்சி. எனக்கும் பயமாய்த்தான் கிடக்கு. தேத்தண்ணி குடிச்ச மாதிரி இருக்கும். மனிசி இன்னொண்டு கொண்டந்து, இதுதான் முதல் தேத்தண்ணி எண்டுவா. கறியில உப்பு ரெண்டு தரம் போட்ட மாதிரி இருக்கும். உங்கட நாக்கில பிழை எண்டுவா. வாற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில ஞாபகச் சோதனை. மகள்தான் ஒழுங்கு செய்தவள். அம்மாவும் வரவேணும், அவவின்ர கண்ணாடி, மருந்துப் பெட்டி எல்லாம் எடுத்து வையுங்கோ எண்டு தாறுமாறாய்ச் சொல்லிக்கொண்டு திரியிறாள்."

"நான் என்ன செய்யவேணும்?"

"வந்து பாருங்கோ. பேப்பர் மாறியிருந்தால் என்ர மூளை சரி. மாறேல்லை எண்டால் எனக்கு மறதி வருத்தம். செவ்வாய்க்கிழமைக்கு முன்னம் எனக்கு ரெண்டில ஒண்டு தெரியவேணும். கண்ணில்லாமல் இருக்கலாம். மூளையும் இல்லாமல் அவவுக்குப் பாரமாய்க் கிடக்க ஏலாது."

வத்சலா அவரோடு புறப்பட்டார். தேவராசா கார்த் திறப்பை ஏற்கனவே கையில் வைத்திருந்தான்.

மிச்சம் பகுதியில் அந்த வீடு ட்ராம் பாதைக்குப் பக்கத்து வரிசையில் இருந்தது. கதவைத் திறந்த தவநாயகிக்கு எழுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நேர்த்தியாக வாரிய தலை, சிரித்த முகம், சுறுசுறுப்பான கை. விருந்தாளிகளைக் கண்ட சந்தோஷத்தில் முதலில் அடுப்பைப் பற்ற வைத்தார்.

"தம்பி, சீனி போடுறதோ?"

"வேண்டாம் அக்கா. எனக்கு டயபிற்றிஸ்" என்றான் தேவராசா.

தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்த தேவராசாவின் கண்கள் விரிந்தன. பாயசம் தோற்றுவிடும். மரியாதைக்காக விழுங்கினான்.

"சீனி காணுமோ தம்பி?" என்று தவநாயகி அன்பாகக் கேட்டார்.

வத்சலா கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அது அவருடைய தொழில் பழக்கம். வரவேற்பறையை மனிதர்கள் மற்றவர்களுக்காக வைத்திருக்கிறார்கள், குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் தங்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்பார். இந்தக் கதவில் எல்லாமே லமினேட் செய்து பிளாஸ்டிக்குக்குள் அடைக்கப்பட்டிருந்தன. கவுன்சில் குப்பை எடுக்கும் நாட்காட்டி, டொக்டரின் தொலைபேசி இலக்கம், முந்திய வருடமே காலாவதியான சலுகைக் கூப்பன் ஒன்று, கடைச் சிட்டை ஒன்று.

இதில் புதினம் இல்லை. அகதியாக வந்த சனத்துக்குக் கடதாசிதான் ஆள். பிறப்புச் சான்றிதழ் நனைந்து எழுத்தழிந்ததால் அலைக்கழிந்தவரை எல்லாருக்கும் தெரியும். வதிவிட உரிமைக் கடிதம் கிடைத்த அன்றே பலர் செய்த முதல் வேலை அதை லமினேட் செய்ததுதான். பிறகு கலியாணப் பதிவு, பிள்ளைகளின் சான்றிதழ், செத்தவர்களின் மரணப் பத்திரம் என்று எல்லாமே பிளாஸ்டிக்குக்குள் போயின. லமினேட் செய்தால் செல்லாது என்று அதிகாரிகள் தலையில் அடித்துக்கொண்டாலும் கேட்பார் இல்லை. தவநாயகியோ அந்தத் தொழிலிலேயே இருந்தவர். மகள் தர்மிகா மிச்சத்தில் வைத்திருந்த கடையில், பன்னிரண்டு வருடமாகக் காலை வேளையில் போட்டோகொப்பி மெசினும் லமினேட் மெசினும் அவர் பொறுப்புத்தான்.

கதவில் லமினேட் செய்யாமல் இருந்தது ஒரே ஒரு துண்டு. காந்தத்தால் ஒட்டிய கடைச் சாமான் பட்டியல். இரண்டு விரல் அகலமான தடித்த வெள்ளைக் கடதாசி. பேனை மை சற்று ஊறிப் படர்ந்திருந்தது. பால், கறிவேப்பிலை, பால், உப்பு, பால். மூலையில் ஏதோ சிவப்புக் கறை.

"குழம்பு பட்டிருக்கு" என்றான் பின்னால் வந்த தேவராசா.

வத்சலா அந்தத் துண்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்.

பத்திரிகை மட்டை உறைக்குள் இருந்தது. வத்சலா அதை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். கடதாசி முழுக்க ஒரே மாதிரிப் பழுப்பு நிறம். மடிப்பின் நிழல் தெரிந்தது, ஆனால் அந்த இடத்தில் மடிப்பு இல்லை. நிழலும் அச்சுத்தான். தலைப்பைப் பார்த்தபோது இன்னும் வேடிக்கை. அது பிலடெல்பியாவில் வந்த ஒரு பத்திரிகையின் நகல். சுற்றுலாக்காரருக்கு விற்கும் வகை.

"தவமக்கா, அண்ணை தடவிப் பாக்கிற பேப்பர் இதுதானோ?"

தவநாயகி கண்ணாடியைப் போட்டு, குனிந்து, நிதானமாகப் பார்த்தார். "ஓம், இதுதானே. முப்பது வருஷமாய் எனக்குத் தெரியாதே? அவருக்குத்தான் பாவம், இப்ப எல்லாம் மாறித் தெரியுது." சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

காரில் ஏறியதும் தேவராசா வெடித்தான். "அண்ணி, உது பச்சைப் போலி! அண்ணையின்ர மூளை சரி. எடுத்தவன் ஆர் எண்டும் எனக்குத் தெரியும். சட்டன் செபஸ்தியாம்பிள்ளை. தானும் பேப்பர் சேர்க்கிறார். வியாழனுக்கு வியாழன் வந்தவர், பேப்பர் மாறின பிறகு வாறேல்லை. கோயில் வேலையாம் கோயில் வேலை! போய்க் கையும் களவுமாய்ப் பிடிப்பம்."

"சட்டனுக்குக் காரை விடும்" என்றார் வத்சலா.

மன்னாரில் இருந்து வந்த செபஸ்தியாம்பிள்ளை ஓய்வுபெற்ற கணக்காளர். கதவைத் திறந்து, வந்த காரணத்தைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனார். தேவராசா வத்சலாவின் முழங்கையை இடித்தான்.

"அந்த ஓகஸ்ட் பேப்பரில எனக்கு ஆசை இருந்தது உண்மைதான்" என்றார் அவர். "என்ர வரிசையில அந்த ஒண்டுதான் இல்லை. ஆனால் நான் எடுக்கேல்லை. அதுக்கு மேல என்னட்டக் கேக்காதேங்கோ பிள்ளை. ஒராளுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"கேக்கேல்லை. உங்கட பேப்பர் ஒண்டை எனக்குக் காட்டுங்கோ. அசல் எப்பிடி இருக்கும் எண்டு பாக்கவேணும்."

இது அவருக்குப் பிடித்த பேச்சு. கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, 1775 ஆம் ஆண்டு இதழ் ஒன்றை மேசையில் விரித்தார். தேவராசா ஏமாந்துபோனான். பழைய கடதாசி கடலை சுற்றும் தாள் போல் மஞ்சளாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இது பால் வெள்ளை.

"பழந்துணியை ஊறவச்சு இடிச்சுச் செய்த கடதாசி தம்பி. மரக்கூழ் இல்லை. அதால மஞ்சளாகாது. வெளிச்சத்தில பிடிச்சால் கம்பி வரி தெரியும். ஒரு பெரிய தாளை நடுவில மடிச்சு நாலு பக்கம். இப்பத்தைய போட்டோகொப்பி ஏ-மூண்டுத் தாளைவிட ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் நீளம். கீழ் மூலையில பாருங்கோ, சிவப்பு முத்திரை. அரசாங்கம் பேப்பருக்கு வரி போட்ட காலம். லண்டன் பேப்பர் எண்டால் அந்த முத்திரை இருக்கவேணும்."

வத்சலா கைத்தொலைபேசியை எடுத்து எதையோ ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகப் பைக்குள் வைத்தார். தேவராசா செபஸ்தியாம்பிள்ளையைச் சிறைக்கு அனுப்பும் திட்டத்தை ஸ்ட்ரெதம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஞாயிறு பின்னேரம் வத்சலா மீண்டும் மிச்சத்துக்குப் போனார். அவர் தொலைபேசியில் அழைத்ததால் தர்மிகாவும் செபஸ்தியாம்பிள்ளையும் வந்திருந்தார்கள். தர்மிகாவுக்கு நாற்பது வயது, பல நாள் நித்திரை இல்லாத கண்கள். தவநாயகி சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்களும் நானும் தனியக் கதைப்பம். பூங்காப் பக்கம் நடந்திட்டு வருவமே?" என்றார் வத்சலா.

"இல்லை தங்கச்சி. மூண்டு கிழமையாய் எல்லாரும் என்னைப் பைத்தியக்காரன் எண்டு பாத்தவை. இவைக்கு முன்னாலதான் சொல்லவேணும். பேப்பர் மாறினதோ இல்லையோ?"

"மாறினது. உங்கட விரல் சொன்னது சரி. மூளையும் சரி."

ஸ்ரீஸ்கந்தராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு நிமிடம் அவருக்குப் பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது. "சரி. ஆர் எடுத்தது?"

வத்சலா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"களவு எண்டு ஒண்டு நடக்கேல்லை அண்ணை. உறைக்குள்ள இருக்கிறது அமெரிக்கப் பேப்பரின்ர நகல். செபஸ்தியாம்பிள்ளை அண்ணை எடுத்திருந்தால் இவ்வளவு மட்டமான போலியை வைக்கமாட்டார். நீங்கள் விரலால வாசிக்கிறது அவருக்குத் தெரியும். கண் தெரியாதவருக்கு எந்தக் கடதாசியும் ஒண்டுதான் எண்டு நினைச்ச ஒராள்தான் அதை வச்சது. விக்கிறதுக்கு எடுத்த ஆளும் இல்லை. வெறுமையாய்ப் போன இடத்தை நிரப்ப வச்ச ஆள்."

"ஆனால் அண்ணி, அவர் ஏன் வராமல் விட்டவர்?" தேவராசாவுக்குத் தன் குற்றவாளியை விட மனமில்லை.

"வந்தால் வாசிக்கவேணும். வாசிச்சால் பொய் சொல்லவேணும். சிநேகிதருக்கு முகத்துக்கு நேர பொய் சொல்ல ஏலாமல் வீட்டில இருந்திட்டார்."

செபஸ்தியாம்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"அசலுக்கு என்ன நடந்தது எண்டு குளிர்சாதனப் பெட்டிக் கதவில எழுதியிருந்தது. சாமான் பட்டியல் எழுதியிருக்கிற துண்டு சாதாரணக் கடதாசி இல்லை. தடிச்ச வெள்ளைத் துணிக் கடதாசி. மை ஊறுது. மூலையில இருந்தது குழம்பில்லை தேவா. வரி முத்திரையின்ர பாதி. உங்கட ஓகஸ்ட் பேப்பரின்ர அடி ஓரம் அது அண்ணை. ஆரோ அதை மடிப்பில ரெண்டாய் வெட்டி, அடி ஓரத்தை நறுக்கி, ஏ-மூண்டு அளவுக்குச் சரியாக்கியிருக்கினம். இந்த வீட்டில ஒரு கடதாசியை அந்த அளவுக்கு நறுக்கிறதுக்கு ஒரு காரணம்தான் இருக்கு."

"லமினேட்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"ஓம்."

"தவமோ? தவத்துக்குத் தெரியுமே, அதில வெறும் பிளாஸ்டிக் உறைகூடப் போட விடமாட்டன் எண்டு. முப்பது வருஷமாய்ச் சொல்லியிருக்கிறன். தெரிஞ்சுகொண்டு செய்தவவோ? செய்திட்டு, என்னைப் பைத்தியமாக்கினவவோ?"

"அதைத்தான் நானும் முதலில யோசிச்சன். முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கிற ஆக்கள் எத்தினையோ பேரைப் பாத்தனான். ஆனால் அண்ணை, மறைக்கிறவை வெட்டின ஓரத்தில சாமான் பட்டியல் எழுதிக் கதவில ஒட்டுறேல்லை. நான் நகலைக் காட்டினபோது அவ பொய் சொல்லேல்லை. வடிவாய்ப் பாத்து, இதுதான் எண்டு நம்பித்தான் சொன்னவ. வெட்டினதும் அவவுக்கு ஞாபகம் இல்லை. பேப்பரும் அவவுக்கு மறந்து போச்சு."

சமையலறையில் தவநாயகி பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"பட்டியலில பால் எண்டு மூண்டு தரம் எழுதியிருக்கிறா. சீனி வேண்டாம் எண்ட தேவாவுக்கு அள்ளிப் போட்டிட்டு, காணுமோ எண்டு கேட்டவ. ரெண்டாம் தேத்தண்ணியை முதல் தேத்தண்ணி எண்டு சொன்னது, கறியில ரெண்டு தரம் உப்பு, எல்லாத்தையும் நீங்கள் உங்கட பிழை எண்டு எடுத்துக்கொண்டீங்கள். உங்கட நாக்கும் சரி, ஞாபகமும் சரி. செவ்வாய்க்கிழமைச் சோதனை உங்களுக்கெண்டால் அவவின்ர மருந்துப் பெட்டி எதுக்கு?"

தர்மிகா முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். சத்தம் வெளியே வராமல் அழுதாள்.

"நான்தான் அப்பா அந்த நகலை வச்சனான். ஒருநாள் காலமை உங்கட அசல் பேப்பர், லமினேட் செய்தபடி, கடையில வாடிக்கையாளர் எடுக்காமல் விட்டுட்டுப் போற கடதாசிப் பெட்டிக்குள்ள கிடந்தது. அம்மா என்னட்டக் கொண்டந்து தந்தவ. 'ஆரோ விட்டிட்டுப் போயிட்டினம் பிள்ளை, பேரும் எழுதேல்லை' எண்டா. அவதான் செய்தவ அப்பா. செய்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. முதல் நாள் என்னட்டச் சொன்னவ, அப்பா தடவித் தடவி மடிப்புக் கிழியுது, அது கிழிஞ்சால் அவர் தாங்கமாட்டார் எண்டு. பேப்பருக்கு நடந்ததைச் சொன்னால் அம்மாவுக்கு நடந்ததையும் சொல்லவேணும். எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. உங்களுக்கு நகல் விளங்காது எண்டு நினைச்சன். செபஸ்தியாம்பிள்ளை அங்கிள் கண்டுபிடிச்சிட்டார், அவரிட்டச் சத்தியம் வாங்கினன். சோதனை அம்மாவுக்குத்தான். தனக்கெண்டால் வரமாட்டா. உங்களுக்கெண்டால் துணைக்கு வருவா எண்டு..."

அவள் பையில் இருந்து இரண்டு பெரிய தாள்களை எடுத்துத் தகப்பனின் மடியில் வைத்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா தடவினார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. எழுத்தின் பள்ளம் இல்லை. துளை இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்.

"கழட்ட ஏலாதோ?"

"கடதாசி திருத்துற ஒராளிட்டக் கேட்டனான்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "சூட்டில பசை நாருக்குள்ள இறங்கியிட்டுதாம். இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். ஏலாது சிறீ."

அவர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் அடுக்கினார். தேவராசா சுவரைப் பார்த்தான். மூன்று நாளாக ஒரு கள்வனைத் தேடித் திரிந்ததை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா கடைசியில். "பேப்பர் மாறேல்லை, எனக்குத்தான் வருத்தம் எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் உண்மையைக் கேட்டீங்கள் அண்ணை."

"ஓம். நான்தான் கேட்டனான்." அவர் தலையாட்டினார். "என்ர கண் அவதான் தங்கச்சி. மருந்தைப் பாத்து எடுத்துத் தாறது, கடிதத்தை வாசிக்கிறது, ரோட்டைக் கடக்க விடுறது எல்லாம் அவதான். இனி எனக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது."

விசாரணையில் வெல்வது வேறு, ஒருவருக்கு உதவுவது வேறு. அன்று வத்சலா முதல் வேலையை மட்டும்தான் செய்திருந்தார். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

தவநாயகி வடைத் தட்டோடு உள்ளே வந்தார். "என்ன எல்லாரும் செத்தவீட்டில இருக்கிற மாதிரி? பிள்ளை, ஏன் கண் சிவந்திருக்கு?" பிறகு கணவரின் மடியில் இருந்ததைக் கண்டார். தட்டை வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொழில் தெரிந்தவரின் பார்வை. "இது ஆற்ற? வடிவாய்ச் செய்திருக்கு. ஒரு குமிழ்கூட இல்லை."

தர்மிகா ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"என்ரதான் தவம். கிழிஞ்சு போகுது, செய்து தா எண்டு நான்தான் உன்னட்டத் தந்தனான். தந்ததை மறந்திட்டு, களவு போச்சு எண்டு இவையளையெல்லாம் அலைக்கழிச்சுப் போட்டன்."

"பாத்தியளே!" தவநாயகி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நான் அப்பவே சொன்னனான், பேப்பருக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு. கேட்டீங்களே?"

"எனக்குத்தான் மறதி. செவ்வாய்க்கிழமை டொக்டரிட்ட நீயும் வா. தனியப் போகப் பயமாய்க் கிடக்கு."

"வராமல் விடுவனே?" அவர் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "டொக்டர் என்ன கேட்டாலும் நீங்கள் யோசிக்காதேங்கோ. எல்லாத்தையும் நான் ஞாபகம் வச்சிருந்து சொல்லுறன்."

சரி என்று ஸ்ரீஸ்கந்தராஜா தலையாட்டினார்.